ஒரே அம்மன் ஏன் ஒரு சன்னதியில் கோபமாகவும் அடுத்த சன்னதியில் சாந்தமாகவும் இருக்கிறாள்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கக் கதைகளில் அறிவுக்கு அதீனா, காதலுக்கு அஃப்ரோடைட்டி, வேட்டைக்கு ஆர்ட்டெமிஸ் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு துறையும் ஒரு குணமும் இருக்கிறது, நம்மூரில் மட்டும் ஒரே அம்மன் ஓரிடத்தில் கோபக்காரி, இன்னோரிடத்தில் கருணைக்கடல், இது ஏன்? கல்யாணமான தேவி சாந்தம், தனியாக இருப்பவள் உக்கிரம் என்கிறார்களே, அது சரியா? கூடவே, உக்கிர தெய்வத்தின் படத்தை வீட்டில் மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து வளர்ந்தவன், அதனால் எங்கள் மாவட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் கேள்விக்கான பதில் பாதி சிதம்பரத்தில் இருக்கிறது.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். எல்லோரும் நடராஜரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள், கொஞ்சம் பேர்தான் ஊரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் தில்லைக்காளி கோயிலுக்குப் போவார்கள். 13-ஆம் நூற்றாண்டில் காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன் கட்டிய கோயில் அது. உள்ளே போனால் ஒரே தேவிக்கு இரண்டு சன்னதி. ஒன்றில் தில்லைக்காளி, உடம்பு முழுக்கக் குங்குமம் அப்பி, வெள்ளைப் புடவை சுற்றி, முகத்தில் கண் எது வாய் எது என்று பிரித்துப் பார்க்கவே கொஞ்ச நேரம் ஆகும். அவளுக்கு நல்லெண்ணெய் அபிஷேகம், அந்த எண்ணெய் வாசனை வாசலிலேயே வந்து மோதும். இன்னொன்றில் நான்கு முகத்தோடு பிரம்ம சாமுண்டீஸ்வரி, அமைதியாக இருக்கிறாள். ஆடல் போட்டியில் சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஊர்த்துவ தாண்டவம் ஆட, அதை அவையில் தன்னால் ஆட முடியாமல் காளி தோற்றாள், கோபத்தோடு ஊர் எல்லைக்குப் போய் உட்கார்ந்தாள், பிரம்மா போய் வேதம் சொல்லித் துதித்தார், அவள் தணிந்து நான்கு முகத்தோடு அமர்ந்தாள். கதை இவ்வளவுதான். ஆனால் கோயில் கட்டியவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். தணிந்துவிட்டாளே என்று கோபக்காரியை எடுத்துவிடவில்லை. தணிந்தவளையும் வைத்தார்கள், தணியாதவளையும் வைத்தார்கள், சில அடி தூரத்தில்.

தேவியின் குணம் அவளோடு பிறந்த சுபாவம் கிடையாது. அவள் இருக்கும் இடமும், அப்போது அவள் கையில் இருக்கும் வேலையும் சேர்ந்து தருவது அது. வருஷக்கணக்கில் இந்தக் கோயில்களுக்குப் போய்வந்து, கதைகளைப் படித்து எனக்குப் புரிந்தது இதுதான். எல்லைக்குப் போனால் காளி, ஊர் நடுவில் பெரிய கோயிலுக்குள் நடராஜர் பக்கத்தில் இருந்தால் சிவகாமி. ஒரே ஊர்.

கிரேக்கத்தில் தெளிவாக இருக்கிறது என்கிறீர்கள், அந்தத் தெளிவு பெரும்பாலும் பள்ளிப் பாடப்புத்தகம் கொடுத்தது. அஃப்ரோடைட்டி காதல் தேவி, சரி. ஆனால் ஸ்பார்ட்டாவில் அவளை ஆயுதம் தாங்கியவளாக வைத்துக் கும்பிட்டார்கள். ஆர்ட்டெமிஸ் வில்லோடு காட்டில் திரியும் கன்னி, அதே ஆர்ட்டெமிஸ் எபேசஸ் நகரத்தில் மார்பு நிறைய உருண்டை உருண்டையாகத் தொங்க, அசையாமல் நிற்கும் ஊர்த்தாய். பிரசவத்தில் பெண்களைக் காப்பாற்றுபவளும் அவள்தான், பெண்களுக்குத் திடீர்ச் சாவை அனுப்புபவளும் அவள்தான். ஊர் மாறினால் குணம் மாறுவது அங்கேயும் உண்டு. இன்னும் கிழக்கே, மெசபடோமியாவில் இனான்னாவைப் பாருங்கள், காதலும் போரும் ஒருத்தி கையிலேயே இருந்தன. சுமார் 4,300 ஆண்டுகளுக்கு முன் ‘ஊர்’ (Ur) என்ற பெயருள்ள நகரத்தில் பூசாரியாக இருந்த என்ஹெதுவன்னா என்ற பெண்ணின் பெயரில் அவளைப் பற்றிய துதிப்பாடல்கள் கிடைத்திருக்கின்றன. புயலாகச் சீறுபவள் என்றும் அரவணைப்பவள் என்றும் ஒரே மூச்சில் பாடுகிறார்கள், அதில் முரண்பாடு இருப்பதாக அவர்கள் நினைக்கவே இல்லை.

நம்மிடமும் பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அரண்மனை வாசலில் வந்து நிற்கிறாள், வாயிற்காவலன் பயந்துபோய் உள்ளே ஓடி அரசனிடம் சொல்கிறான். வந்திருப்பவள் யார் என்று அவனுக்குத் தெரியாது, அதனால் யார் யார் இல்லை என்று சொல்கிறான். மகிஷனின் வெட்டுண்ட தலைமேல் நிற்கும் கொற்றவை இல்லை, கன்னியர் எழுவரில் கடைசியான பிடாரி இல்லை, இறைவனை ஆட வைத்த அணங்கு இல்லை, அச்சம் தரும் காட்டை விரும்பிய காளி இல்லை, தாருகனின் மார்பைக் கிழித்த பெண்ணும் இல்லை. அப்புறம் "செற்றனள் போலும் செயிர்த்தனள் போலும்" என்கிறான், உள்ளே பகை வைத்திருப்பவள் போலவும் இருக்கிறாள், கோபம் கொண்டவள் போலவும் இருக்கிறாள் என்று. கடைசியில்தான் விஷயம் வருகிறது: கையில் ஒற்றைச் சிலம்பு, கணவனை இழந்தவள், வாசலில் நிற்கிறாள்.

அந்தக் காலத்து வாயிற்காவலனுக்கு ஐந்து விதமான கோபக்காரிகளைத் தனித்தனியாக அடையாளம் தெரிந்திருக்கிறது. ஒவ்வொருத்தியையும் அவள் செய்த வேலையை வைத்தும், விரும்பிய இடத்தை வைத்தும்தான் சொல்கிறான். ஒருத்தி தலையை வெட்டினாள், ஒருத்தி மார்பைக் கிழித்தாள், ஒருத்தி ஆட வைத்தாள், ஒருத்தி காட்டில் இருக்கிறாள். நீங்கள் கேட்ட குணம், பங்கு இரண்டும் இந்தச் சில வரிகளிலேயே ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன.

அதே காப்பியத்தில் மதுரை எரிந்த பிறகு, நகரத்தின் காவல் தெய்வம் மதுராபதி கண்ணகியைப் பார்க்க வருகிறாள். முன்னால் வந்து நிற்கத் தைரியம் இல்லை, பின்னால் வந்து நின்று பேசுகிறாள். அவளுக்கு இடப்பக்கம் கருநீலம், வலப்பக்கம் பொன்னிறம். இரண்டு நிறத்தையும் ஒரே உடம்பில் இளங்கோவடிகள் வைத்துவிட்டார். கண்ணகியின் கோபத்துக்கும் ஒரு எல்லை உண்டு. தீயிடம் அவள் சொல்லி அனுப்புகிறாள்: பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர், குழந்தைகள் இவர்களை விட்டுவிடு, தீயவர்கள் பக்கம் மட்டும் போ. யாரைத் தொடலாம், யாரைத் தொடக்கூடாது என்று கணக்கு வைத்திருக்கிற கோபம் அது.

இப்போது அந்தக் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வாளர்கள் பலர் சொன்னதுதான், முழுக்கத் தவறு என்று சொல்லமாட்டேன். மதுரை மீனாட்சி கதை அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். திக்விஜயம் போய் எல்லோரையும் ஜெயித்தவள், கைலாயத்தில் சிவனைப் பார்த்ததும் மூன்றாவது மார்பு மறைந்தது, வெட்கம் வந்தது, கல்யாணம் நடந்தது. ஆனால் கண்ணகி கல்யாணமானவள்தானே, மதுரையை எரித்தது மனைவியாக இருந்ததால்தானே! கிரேக்கத்தில் ஹீரா கடவுள்களின் அரசனுக்கே மனைவி, அவளைவிடப் பொல்லாத கோபக்காரி அங்கே இல்லை. கல்யாணமே வேண்டாம் என்று அடுப்படி நெருப்புக்குத் தேவியாக உட்கார்ந்த ஹெஸ்தியா இருப்பதிலேயே சாந்தம், அவளைப் பற்றிச் சண்டைக் கதை ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் பக்கத்துக்கு வந்தால் திரௌபதி. ஐந்து கணவர்கள் இருந்தும் அவள் கோபம் தணிய ஒரு யுத்தமே தேவைப்பட்டது. தாலி கழுத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட அநியாயம் எங்கே நடந்தது என்று பார்த்தால் தேவியின் கோபம் நன்றாகப் புரியும் என்பது என் அபிப்பிராயம்.

திரௌபதி அம்மனைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பழைய தென்னாற்காடு முழுக்க, கடலூர், விழுப்புரம், செஞ்சி, புதுச்சேரி என்று எங்கே போனாலும் அவளுக்குக் கோயில் இருக்கும். மகாபாரதத்தில் அவள் அரசி, நம்மூரில் அவள் அம்மன். கொடியேற்றி, காப்புக் கட்டி, பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். சின்ன வயதில் பாட்டியோடு உட்கார்ந்து படுகளம் பார்த்திருக்கிறேன். களத்தில் மண்ணைக் குழைத்து ஆள் உயரத்துக்குப் பல மடங்கு நீளமாக துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள், மல்லாந்து, கண் விழித்தபடி. பீமன் வேஷக்காரர் சுற்றிச் சுற்றி வந்து தொடையில் அடிப்பார், அங்கே பதுக்கி வைத்த சிவப்புத் தண்ணீர் வெளியே வரும், அதைத் தொட்டுத் திரௌபதியின் விரித்த கூந்தலை முடிவார்கள். சபையில் துச்சாதனன் அவிழ்த்த கூந்தல் அது. முடிந்த நிமிஷம் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் குலவை போட, என் பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்த சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். அதற்குள் காந்தாரி வேஷம் போட்டவர் வந்து பிள்ளை மேல் விழுந்து ஒப்பாரி வைக்க, பாட்டி அதற்கும் அழுதார். பிறகு கூட்டம் அந்த மண் உருவத்திலிருந்து ஆளுக்கு ஒரு பிடி எடுத்துக்கொண்டு போனது, நெல் குதிரில் போட. எங்கள் வீட்டிலும் போட்டோம்.

அந்த அம்மனுக்குக் காவலாக நிற்பவர்களையும் பாருங்கள். ஒருவர் போத்துராஜா, இன்னொருவர் முத்தால் ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரர். ஊர் அவளை எப்படித் தனதாக்கிக்கொண்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன் தீவுக்குக் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் ஆட்கள் அந்தத் தீமிதியையும் கூடவே கொண்டுபோனார்கள், இன்றைக்கும் அங்கே பாண்டியாலே என்ற பெயரில் அவளுக்குத் தீ மிதிக்கிறார்கள். பாரதியார் புதுச்சேரியில் இருந்தபோதுதான் பாஞ்சாலியின் சபதத்தைப் பாட எடுத்தார், முதல் பாகம் 1912-இல் வந்தது. சுற்றுவட்டாரத்தில் இத்தனை திரௌபதி அம்மன் கோயில்கள் இருக்கிற ஊரில் உட்கார்ந்துதான் அதை எழுதினார் என்பது எனக்கு எப்போதும் ஒரு நிறைவு.

இனி, கோபத்தைத் தணிப்பது. உலகத்துத் தேவி கதைகளில் என்னை அசரவைப்பது இதுதான், ஏனென்றால் கோபம் வந்த கதை எங்கே இருந்தாலும் பின்னாலேயே தணிக்கிற கதையும் இருக்கிறது. எகிப்தில் ரா என்ற சூரியக் கடவுள், தனக்கு எதிராகக் கிளம்பிய மனிதர்களைத் தண்டிக்கத் தன் கண்ணையே தேவியாக அனுப்புகிறார். ஹாத்தோராகப் போனவள் சிங்கமுகத்து செக்மெத்தாகி ரத்தம் குடிக்க ஆரம்பித்துவிட்டாள், அனுப்பியவர் சொல்லியும் நிறுத்தவில்லை. 7,000 ஜாடி பீரில் செம்மண் கலந்து வயலில் ஊற்றினார்கள், ரத்தம் என்று நினைத்துக் குடித்தவள் மயங்கித் தூங்கி, எழுந்தபோது சாந்தமானாள். ஏதென்ஸில் பழிவாங்கும் எரினியேஸ் தேவதைகள் தாயைக் கொன்ற ஒரெஸ்தஸைத் துரத்திக்கொண்டு வருகிறார்கள், தீர்ப்பு அவர்களுக்கு எதிராகப் போனதும் ஊரையே நாசமாக்குவோம் என்று குமுறுகிறார்கள். அதீனா அவர்களை விரட்டவில்லை. உங்களுக்கு இங்கேயே இடம், பூஜை, முதல் மரியாதை எல்லாம் உண்டு என்று பேசிப் பேசி இறங்க வைக்கிறாள். கி.மு. 458-இல் ஈஸ்கிலஸ் மேடையேற்றிய நாடகம் அது. படித்தபோது எனக்குத் தில்லைக்காளிதான் நினைவுக்கு வந்தாள்.

தாருகனைக் கொன்ற காளி கதையில் வேறு வழி. அசுரன் செத்தும் அவள் வெறி அடங்கவில்லை. சிவன் சண்டைக்குப் போகவில்லை, துதிக்கவும் இல்லை, சுடுகாட்டில் ஒரு கைக்குழந்தையாகக் கிடந்து அழுதார். அவள் தூக்கிப் பால் கொடுத்தாள், பாலோடு சேர்த்து அவள் கோபத்தையும் அந்தக் குழந்தை குடித்துவிட்டது. லிங்க புராணத்தில் இருக்கிறது.

சுமேரியக் கதை இன்னும் ஒரு படி மேலே. இனான்னா பாதாளத்துக்கு இறங்குகிறாள், ஏழு வாசலிலும் ஒவ்வொரு நகையாக, உடையாகக் கழற்றிவிட்டு வெறும் ஆளாகத் தன் அக்கா எரெஷ்கிகல் முன் போய் நிற்க, அக்கா அவளைக் கொன்று ஆணியில் மாட்டிவிடுகிறாள். என்கி கடவுள் தன் நகத்து அழுக்கிலிருந்து இரண்டு உருவங்களைச் செய்து அனுப்புகிறார். எரெஷ்கிகல் அப்போது வலியில் முனகிக்கொண்டிருக்கிறாள். ஐயோ என் வயிறு என்றால் இவர்களும் ஐயோ உன் வயிறு என்கிறார்கள், ஐயோ என் முதுகு என்றால் ஐயோ உன் முதுகு என்கிறார்கள். செத்தவர்களின் ராணியோடு சேர்ந்து உட்கார்ந்து அழ அதுவரை யாரும் வந்ததே இல்லை. அவள் மனம் இளகி என்ன வேண்டும் கேளுங்கள் என்றாள், இனான்னாவின் உடலை வாங்கி உயிர் கொடுத்துவிட்டார்கள். படுகளத்தில் அழுத என் பாட்டிக்கு இந்தக் கதை தெரியாது, ஆனால் சொல்லியிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்.

நம் மாரியம்மனிடம் வந்தால் இந்தத் தணிப்பு வீட்டு வேலையாகவே ஆகிவிட்டது. அம்மையைக் கொடுப்பவளும் அவள், எடுப்பவளும் அவள். செக்மெத்தும் அப்படித்தான், கொள்ளைநோயை அனுப்புபவள் என்று பயந்தார்கள், அவளுடைய பூசாரிகளே வைத்தியமும் பார்த்தார்கள். எனக்குச் சின்னம்மை வந்தபோது வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள், தாளிப்பு நின்றது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவில்லை, இளநீரும் மோரும்தான். யாரும் நோய் என்று சொல்லவில்லை, அம்மா வந்திருக்கிறாள் என்றார்கள், என்னையே கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று மஞ்சளும் வேப்பிலையும் ஊறிய அண்டாத் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது இன்னும் உடம்பில் நினைவிருக்கிறது. பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்ததாக 1980-இல் அறிவித்துவிட்டார்கள், அதை ஒழித்தது தடுப்பூசி, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் ஆடி மாதம் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் நிற்கவில்லை. வெயில் காய்ந்த மண்ணுக்கு மழை கொடுப்பதும் அவள் வேலைதானே, மாரி என்றாலே மழைதான்.

கடலோரத்தில் இன்னொரு விதம். புதுச்சேரிக்குப் பக்கத்தில் வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன். மீனவர் வலையில் ஒரு மரக்கட்டை சிக்கியது, விறகுக்கு வெட்டியபோது ரத்தம் வந்தது, அதையே தெய்வமாக வைத்தார்கள் என்பது ஊர்க்கதை. ஆடி ஐந்தாவது வெள்ளி அவளுக்குத் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. அவளை உக்கிரம் என்பதா சாந்தம் என்பதா? அந்த ஊரில் யாரிடமும் இப்படிக் கேட்டுப்பாருங்கள், கேள்வியே புரியாது. கடலுக்குப் போனவன் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான் அவளிடம் எதிர்பார்ப்பு.

பெரிய கோயில் தாயார்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருவந்திபுரத்தில் ஹேமாம்புஜவல்லித் தாயார் மாதிரி வைணவத் தாயார்களுக்கு ஒரு முக்கியமான பங்கு உண்டு, புருஷகாரம் என்பார்கள், நம் குற்றத்தைப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளும்படி பெருமாளிடம் எடுத்துச் சொல்வது. இந்தத் திருமகளுக்கே ஒரு அக்கா உண்டு, மூதேவி. வள்ளுவர் அவளைத் தவ்வை என்கிறார், பொறாமைக்காரனைத் திருமகள் தன் அக்காவிடம் காட்டிவிட்டுப் போய்விடுவாளாம். இன்றைக்குத் திட்டுகிற வார்த்தையாகிவிட்ட அவளுக்கு, பல்லவர் காலத்தில் சிவன் கோயில்களிலேயே சிலை இருந்தது. காக்கைக் கொடி, பெருத்த வயிறு, இரண்டு பக்கமும் பிள்ளைகள். சேட்டை என்பதும் அவள் பெயர்தான். சேட்டையிடம் போய்ச் செல்வம் கேட்கிறீர்களே என்று தொண்டரடிப்பொடியாழ்வார் கடிந்துகொள்கிறார் என்றால், மக்கள் கேட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? பிற்பாடு அவளை ஓரங்கட்டியது எனக்கு வருத்தம்தான்.

விருத்தாசலம் கதையையும் சொல்லாமல் விட மனசு இல்லை. குரு நமசிவாயர் அண்ணாமலையிலிருந்து தில்லைக்குப் போகும் வழியில் பசியோடு அங்கே தங்கினார், கிழத்தி என்று அந்த ஊர் அம்மன் விருத்தாம்பிகையை அழைத்துச் சோறு கேட்டுப் பாடினார். அவள் ஒரு மூதாட்டியாக வந்து, கிழவி கிழவி என்கிறாயே, கிழவியால் எப்படியப்பா சோறு தூக்கிக்கொண்டு வரமுடியும் என்றாள். அவர் உடனே இளமையாக மாற்றிப் பாட, சின்னப் பெண்ணாகச் சோற்றோடு வந்து நின்றாள். அங்கே பாலாம்பிகைக்குத் தனிச் சன்னதியே இருக்கிறது. நாம் எப்படிக் கூப்பிடுகிறோமோ அப்படி வருகிறாள், வயதுகூட நம் வாயில் இருக்கிறது.

கடைசியாகப் படம் மாட்டும் விஷயம். கூடாது என்று பலர் பயமுறுத்துவார்கள். எங்கள் வீட்டில் மேல்மலையனூர் அங்காளம்மன் படம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கூடத்தில் இருந்தது. சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலத்தைக் கீழே விழ வைத்து மிதித்தவள் அவள், சுடுகாட்டில் மயானக் கொள்ளை வாங்குகிறவள், இதைவிட உக்கிரம் வேண்டுமா? பாட்டி பயப்படவில்லை, ஆனால் அப்படியே விட்டுவிடவும் இல்லை. அமாவாசைதோறும் விளக்கேற்றி, எலுமிச்சை வைத்து, வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் போட்ட பானகம் ஒரு சொம்பு வைப்பார். மாட்டுங்கள், ஆனால் அவளைக் குளிர வைக்கிற வேலை ஒன்றை நீங்கள் தவறாமல் செய்ய முடியுமா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். முடியாது என்றால் அமாவாசை ராத்திரி மலையனூருக்கு பஸ் ஏறுங்கள், கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் விடுகிறார்கள், ஊஞ்சலில் அவளைப் பார்த்துவிட்டு விடியற்காலை திரும்பிவிடலாம்.